ஏழு சுற்று

2004 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கட்டியிருந்த போர்க்கப்பலில் லெப்டினன்ட் சக்திகுமாரின் மேஜைக்கு நான்கு கோப்புகள் வந்தன. கப்பலில் ஆறு மாதம் பயிற்சி பெற வந்திருந்த நான்கு மிட்ஷிப்மேன்களின் கோப்புகள் அவை. அகாடமி முடித்து, அதிகாரி என்ற பெயர் கிடைத்தும் அதிகாரம் கிடைக்காத இருபது, இருபத்தொரு வயதுக்காரர்கள். அவர்களைப் பழக்கியெடுக்கும் பொறுப்பைக் கப்பலின் கேப்டன் அந்த வருஷம் சக்திகுமாரிடம் கொடுத்திருந்தார்.

மூன்றாவது கோப்பில் இருந்த பெயர் ஹேமந்த். வீடு சென்னை அண்ணா நகர். தந்தை கமாண்டர் இராமச்சந்திரன், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையின் நிர்வாக மேலாளர்.

சக்திகுமார் அந்த வரியை மறுபடி படிக்கவில்லை. கோப்பை மூடிவிட்டு மேல்தளத்துக்குப் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான். ஆறு வருஷமாக அவன் நெஞ்சில் வைத்திருந்தது தகப்பனை. கைக்கு வந்து சேர்ந்திருப்பது மகன்.

சக்திகுமாரின் ஊர் பிள்ளைப்பாக்கம். அப்பா பிச்சையா ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். தொண்ணூற்றேழில் இருங்காட்டுக்கோட்டையில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழும்பியபோது, அதில் ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். நீலச் சட்டை, தொப்பி, விசில். தினமும் சைக்கிளில் போய் வந்தார். தொப்பியை வீட்டில் வேறு யாரும் தொட விடமாட்டார்.

அடுத்த வருஷம் மே மாதம். காஞ்சிபுரத்தில் இன்ஜினியரிங் முதல் வருஷம் முடித்து சக்திகுமார் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒருநாள் பிச்சையா சாப்பாட்டை மறந்து போய்விட, அம்மா சுந்தராம்பாள் கேரியரைக் கொடுத்து மகனை அனுப்பினாள். அவன் போய்ச் சேர்ந்தபோது ஷிப்ட் மாறும் நேரம். உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களுமாகக் கேட்டில் முந்நூறு பேர் இருக்கும்.

வெளியே போகும் எந்த வண்டியானாலும் டிக்கியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டில் ஒரு உத்தரவு ஒட்டியிருந்தது. எழுதி ஒட்டியவரே கமாண்டர் இராமச்சந்திரன்தான். அன்று அவருடைய காரே வந்தது. பின்சீட்டில் அவரும் இரண்டு விருந்தாளிகளும். பிச்சையா கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், டிக்கி."

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். கமாண்டர் டிரைவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். டிக்கி திறந்தது, மூடியது, கார் போயிற்று. கால் மணி நேரத்தில் விருந்தாளிகளை எங்கோ இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். பிச்சையாவைக் கூப்பிட்டார்.

"டிக்கி பாத்துட்டல்ல? இப்ப ஓடு."

"சார்?"

"இங்கேருந்து கேன்டீன் வரைக்கும் போய்த் திரும்பி வா. ரெண்டு கையும் தலைக்கு மேல. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

நாற்பத்தேழு வயது மனிதர் ஓடினார். மத்தியான வெயில். நான்காவது சுற்றில் பெல்ட் தளர்ந்தது, கையை இறக்கிப் பிடிக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஆறாவது சுற்றில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்து எழுந்தார். முந்நூறு பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏழாவது சுற்று முடிந்ததும் கமாண்டர் வாட்சைப் பார்த்தார், ஆபீசுக்குள் போய்விட்டார்.

கேட்டுக் கம்பிக்கு வெளியே கேரியரோடு நின்ற சக்திகுமாரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா என்று கூப்பிட்டால் அது தன் அப்பா என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தான். கேரியரை இன்னொரு செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

சாயங்காலம் முழங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே பிச்சையா மனைவியிடம் சொன்னார்: "அவுரு நேவிக்காரரு. கப்பல்ல அப்பிடித்தான் வெயில்ல ஓட வுடுவாங்களாம். அவுங்களுக்கு அது பழக்கம்." மறுநாள் எப்போதும்போல் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

அப்பா ஓடியதைக்கூட சக்திகுமார் ஒருவாறு விழுங்கிக்கொண்டிருப்பான். மறுநாள் அவர் வேலைக்குப் போனதை அவனால் விழுங்க முடியவில்லை. அந்தக் கடற்படைக்குள்ளேயே தானும் நுழைவது, அந்த ஆள் போட்டிருந்த சட்டையையே போடுவது, ஒருநாள் அந்தக் கேட்டுக்குள் போய் அவரை நிற்க வைத்து ஓடச் சொல்வது. பத்தொன்பது வயதில் அவன் போட்ட திட்டம் அவ்வளவுதான். அது நடக்கக்கூடியதா என்று அவன் யோசிக்கவே இல்லை.

கடைசி வருஷம் கல்லூரிக்குக் கடற்படை அதிகாரிகள் ஆள் எடுக்க வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். தேர்வானான். பிள்ளைப்பாக்கமே பேசிக்கொண்டது. பிச்சையா மட்டும் கேட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று சக்திகுமார் கேட்கவுமில்லை.

கப்பலில் அவன் நல்ல பெயர் எடுத்தான். ஐந்தரைக்கு எழுவான். கப்பலின் ஆட்டத்தில் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முகம் மழிப்பான். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை பிரிட்ஜ் என்கிற மேல்தள அறையில் நின்று கப்பலைச் செலுத்துவான். அதன்பின் அவன் பொறுப்பில் இருந்த முப்பத்திரண்டு மாலுமிகளின் பாடு. ஒருவனுக்கு மனைவி பிரசவத்துக்கு லீவு வேண்டும், ஒருவனுக்குப் பல்வலி, இரண்டு பேருக்குள் படுக்கைச் சண்டை. எல்லாம் தீர்த்து, தளம் தளமாக இறங்கிப் பூட்டுகளையும் தீயணைப்புக் குழாய்களையும் சோதித்து, மறுநாள் பாதையை வரைபடத்தில் பென்சிலால் போட்டுவிட்டுத்தான் படுப்பான். புயலில் பக்கத்தில் வாளி வைத்து வாந்தி எடுத்துக்கொண்டே திசைமானியைப் படித்துச் சொல்வான். கரையில் மற்ற இளம் அதிகாரிகள் சினிமாவுக்குப் போகும்போது இவன் சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யாருக்கு, யார், என்ன தண்டனை, எவ்வளவு நேரம் தரலாம் என்பது வரிவரியாக அவனுக்குத் தெரியும். உழைப்பாளி என்று கேப்டன் நினைத்தார். உள்ளே எரிந்துகொண்டிருந்தது என்ன என்று அவருக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் ஹேமந்த் வந்தான். ஒல்லியான, நெட்டையான பையன். வெயில் பட்டால் காது சிவந்துவிடும். முதல் நாளே ஆசையாகத் தமிழில் கேட்டான்.

"சார், நீங்க ஸ்ரீபெரும்புதூர் பக்கமாமே? எங்க அப்பா அங்கதான் வேலை பாக்கறார்."

மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சக்திகுமார் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அதற்கப்புறம் ஆறு மாதம் அவனிடம் ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லை.

மற்ற மூன்று பேருக்கும் உள்ள பயிற்சி ஹேமந்துக்கும் உண்டு. அதற்கு மேல் அவனுக்கென்று தனியாக இருந்தது. உச்சி நேரத்தில் சூரியனைக் கருவியால் அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிட வேண்டும். ஹேமந்த் சரியாகவே கணக்கிட்டான். தவறு என்று தாளைத் திருப்பித் தந்தான் சக்திகுமார். ஒரே கணக்கைப் பதினொரு முறை செய்ய வைத்தான். பதினொரு முறையும் ஒரே விடை வந்தது. பதினோராவது தாளிலும் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பின்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்கும் இடம் ஒன்று இருந்தது. இரும்புத் தரை. மத்தியானத்தில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. கப்பல் கடலில் இருந்த நாளெல்லாம் அங்கே ஹேமந்த் ஓடினான், இரண்டு கையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. ஏழு சுற்று. ஆறும் இல்லை, எட்டும் இல்லை. பொத்தான் பளபளக்கவில்லை, ஷூ நாடா முறுக்கியிருக்கிறது, ஒரு நிமிஷம் தாமதம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். எல்லாம் சட்டப் புத்தகத்தில் உள்ள காரணம், சட்டம் அனுமதிக்கிற நேரத்துக்குள். ஓடி முடித்ததும் ஹேமந்த் விறைப்பாக நின்று, மூச்சு வாங்க, "தேங்க் யூ, சார்" என்பான். அது கப்பல் வழக்கம்.

முதல் வாரம் சக்திகுமாருக்குக் காய்ச்சல் விட்டது போல் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகத் தூங்கினான். இரண்டாம் வாரம் அது போதவில்லை. பையன் அழுவான் என்று பார்த்தான். அழவில்லை. கெஞ்சுவான் என்று பார்த்தான். அதுவுமில்லை. அதனால் மறுநாளும் ஏழு, அதற்கு மறுநாளும் ஏழு.

சமையல் பகுதியின் தலைமை மாலுமி வனமாமலை, நாங்குநேரிக்காரர். பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒருநாள் காலை டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"கேளுங்க."

"அந்தப் பையன் ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யலை."

"அதான் சார் கேக்கேன்."

சக்திகுமார் டீயை எடுத்துக் குடித்தான். வனமாமலை காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கும் ஹேமந்த் ஓடினான்.

ஜூனில் பத்து நாள் லீவு கிடைத்தது. சக்திகுமார் ஊருக்கு வந்தான். பிள்ளைப்பாக்கத்துச் சாலையில் லாரிகள் கூடியிருந்தன. ஏரிக்கு அந்தப் பக்கம் நிலத்தை அளந்து புதிதாகக் கல் நட்டிருந்தார்கள். பிச்சையா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா ஏரிமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆறு வருஷம் சொல்லாததை அவன் அன்று சொன்னான்.

"அப்பா, அன்னிக்கு நீ ஓடறப்போ நான் கேட்டாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

பம்ப் நிற்கவில்லை. "தெரியும்" என்றார் பிச்சையா.

"தெரியுமா?"

"மூணாவது ரவுண்டுல பாத்தேன். கேரியரோட நின்ன. எங்க அப்பான்னு கூப்ட்டுடுவியோன்னு பயந்துக்கினே ஓடினேன். நீ கூப்புடல. அது வரைக்கும் நல்லதுன்னு நெனச்சேன்."

சக்திகுமார் வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஹேமந்தைப் பற்றிச் சொன்னான். பம்ப் நின்றது.

"அவன் புள்ளயா?"

"ஆமா."

"எத்தினி ரவுண்டு?"

"ஏழு. தெனம்."

"கைய தூக்கிக்கினா?"

"தூக்கிக்கினுதான்."

"கப்பல்ல தரை இரும்பு ஆச்சே. சுடுமே."

"சுடும்."

பிச்சையா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் சக்திகுமார் கேட்டதே இல்லை. தொண்டைக்கு அடியிலிருந்து வந்த, ஈரமே இல்லாத சிரிப்பு.

"இன்னா பேச்சு பேசறீங்க அப்பனும் புள்ளயும்" என்று உள்ளிருந்து சுந்தராம்பாள் குரல் கொடுத்தாள். "பெத்தவன் செஞ்சதுக்கு அந்தப் புள்ள இன்னா பண்ணும்?"

"நீ மீனப் பாரு" என்றார் பிச்சையா.

சாப்பிடும்போது முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மறுநாளும் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை சக்திகுமார் பதினொரு தாள் கணக்கை விட்டுவிட்டான். "அந்தக் கணக்க சொல்லாத வுட்டுட்டியே" என்று எடுத்துக் கொடுத்தார். தனக்குள் எரிந்தது அப்பாவிடம் அணைந்துவிட்டது என்றுதான் சக்திகுமார் இத்தனை நாள் நம்பியிருந்தான். அவர் சாம்பல் போட்டு மூடித்தான் வைத்திருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. அவனுக்கு அப்பாவைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

லீவு முடிந்து அவன் கப்பலுக்குத் திரும்பிய மறுநாள் பிச்சையா கேட்டில் நின்றிருந்தார். டிக்கி உத்தரவு இன்னும் ஒட்டியபடியே இருந்தது. ஆனால் அந்த ஒரு காரை மட்டும் ஆறு வருஷமாக யாரும் நிறுத்துவதில்லை. சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடுவார்கள். அன்று பிச்சையா கையைக் காட்டினார்.

"சார், டிக்கி."

டிரைவர் திரும்பிப் பார்த்தான். கமாண்டர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். டிக்கி திறந்தது. பிச்சையா குனிந்து ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வரை பார்த்தார். மூடினார். பின்சீட்டுக் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது.

"சார், ஒங்க புள்ள ஹேமந்து நல்லா ஓடறாராம். கைய தூக்கிக்கினு, தெனம் ஏழு ரவுண்டு. ஓட வுடறது என் புள்ள. லெப்டினன்ட் சக்திகுமாரு."

தொப்பியைக் கழற்றிக் காரின் மூக்கின் மேல் வைத்தார். விசிலைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கமாண்டர் இராமச்சந்திரன் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தார். பிச்சையா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை. சுந்தராம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "உள்ள வெச்சிடு" என்றார் பிச்சையா. அவள் கேட்கவில்லை, நீட்டினாள். கமாண்டர் வாங்கிக் குடித்தார்.

"ஹேமந்த்கிட்ட போன்ல கேட்டேன். உண்மைதான்னு சொன்னான்" என்றார். "நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்டார். பிச்சையா தேதி சொன்னார், கிழமை சொன்னார், சிரித்த விருந்தாளியின் சட்டை நிறம் சொன்னார். கமாண்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"யாரையோ ஓட வெச்ச ஞாபகம் இருக்கு. அது நீயா?"

அன்று மாலை தெருமுனை பூத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போன் செய்த பிச்சையா, இதைச் சொல்லும்போதுதான் அழுதார். "என் மூஞ்சி கூட ஞாபகம் இல்லடா அவனுக்கு. அன்னிலேர்ந்து தெனம் சல்யூட் அடிச்சிக்கினு இருந்தேன். அவன் யாருகிட்ட சல்யூட் வாங்கினான்னே அவனுக்குத் தெரியல."

கமாண்டர் கேப்டனுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை கடைசியில் கப்பலிலேயே மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். ஹேமந்தை முதலில் கூப்பிட்டார்கள். கப்பலில் காட்டிக்கொடுக்கிற பழக்கம் கிடையாது. வழக்கமான பயிற்சிதான் என்று சொல்லிவிடுவான் என்றே சக்திகுமார் எதிர்பார்த்தான். ஹேமந்த் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. குரலை உயர்த்தாமல், ஓடிய நாற்பத்தெட்டு நாளையும் தேதியோடு சொன்னான். எந்த நாளில் பொத்தான் சரியாக இருந்தது, எந்த நாளில் நாடா சரியாக இருந்தது என்று சொன்னான். பிறகு பதினொரு தாளையும் மேஜை மேல் அடுக்கினான். அத்தனையையும் பத்திரமாக வைத்திருந்தான். விசாரணை அதிகாரிகள் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். பதினொன்றும் சரி. பதினொன்றிலும் சக்திகுமாரின் கையெழுத்து.

ஹேமந்தை வெளியே அனுப்பிவிட்டு சக்திகுமாரிடம் காரணம் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னான். ஆறு வருஷமாக மலையாக இருந்தது, ஆங்கிலத்தில் சொன்னபோது ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"உங்கள் தந்தைக்கு நடந்தது அநியாயம்" என்றார் விசாரணைத் தலைவர். "அதற்கு இந்தப் பையன் எப்படிப் பொறுப்பு?"

"பொறுப்பில்லை, சார்."

"பிறகு ஏன்?"

"அவன் தந்தை என் கைக்கு எட்டவில்லை, சார்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதிலை எழுதிக்கொண்டார்கள். சக்திகுமாருக்கு ஒரு வருஷப் பணிமூப்பு பறிபோனது. அவனோடு சேர்ந்தவர்களெல்லாம் அவனுக்கு மேலே போய்விடுவார்கள். கப்பலிலிருந்து இறக்கிக் கரையில் ஒரு சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். "உன்னை மாதிரி கடலில் நிற்கிறவன் எனக்கு இனிமேல் கிடைப்பது கஷ்டம்" என்றார் கேப்டன். அது அவனுக்கு எந்தத் தண்டனையையும்விட வலித்தது. கடலை அவன் கமாண்டரை எட்டுவதற்கான ஒரு வழியாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தான். அதன் மேல் ஆசை வைத்துவிட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்டில் ஒரு காலை பெட்டியோடு இறங்கும் படிக்கு வந்தான். அங்கே காவலில் ஹேமந்த் நின்றான். முறைப்படி சல்யூட் அடித்தான். சக்திகுமாரும் அடித்தான்.

"ஒண்ணு கேக்கலாமா, சார்?" தமிழில் கேட்டான்.

"கேளு."

"நீங்க காரணம் சொன்னப்ப நான் வெளியில இருந்தேன். எப்பவும் ஏழு. அது ஏன்னு எனக்கு யாரும் சொல்லல. அப்பாவும் சொல்லல."

சக்திகுமார் பெட்டியைக் கீழே வைத்தான். கேட், கேன்டீன், வெயில், கை தூக்கிக்கொண்டு ஓடியது, யாரும் பேசாமல் நின்றது, தானும் பேசாமல் நின்றது. சுருக்கமாகச் சொன்னான். ஹேமந்த் காது சிவக்கக் கேட்டுக்கொண்டான்.

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் விசாரணைல நான் அதேதான் சொல்லியிருப்பேன், சார்."

"தெரியும்."

"ஒரு நாளக்கூட விட்டிருக்க மாட்டேன்."

அதில் இருந்த பொறுமை சக்திகுமாருக்குப் பழக்கமானது. நாள் குறித்துக்கொண்டு, தாளைப் பத்திரப்படுத்திக்கொண்டு காத்திருக்கிறவனின் பொறுமை. இருபத்தொரு வயதுப் பையனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று அவனுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். இந்த இடத்தில் கேட்டால் அது பையனை இன்னொரு முறை நிற்க வைத்துக் கேட்க வைப்பதாகும் என்று தோன்றி, பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பிறகு மூன்று கடிதம் எழுதினான். பதில் வரவில்லை.

பிச்சையாவுக்கு ஒரகடத்தில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கேட்டில் இல்லை, ஸ்டோரில். கமாண்டர் இராமச்சந்திரன் அதே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில்தான் இருந்தார். அவர் கார் இப்போதும் டிக்கி திறக்காமல்தான் போகிறது என்று பிச்சையா கேள்விப்பட்டுப் போனில் சொன்னார். அந்த மனிதர் மேல் சக்திகுமாருக்குக் கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவன் ஆசைப்படவும் இல்லை. கிடங்கில் கயிற்றுச் சுருளும் பெயின்ட் டப்பாவும் எண்ணிக்கொண்டிருக்கும் பகல்களில் அவனுக்கு நினைவு வந்ததெல்லாம் காது சிவந்த அந்தப் பையன்தான்.

2006-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா போன் செய்தார். மழை பற்றி, அம்மாவின் கண் ஆபரேஷன் பற்றி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"அந்தப் பையன் இப்ப எந்தக் கப்பல்ல கீறான்?"

சக்திகுமாருக்குத் தெரியும். ஹேமந்த் லெப்டினன்ட் ஆகிவிட்டான், மும்பையில் இருக்கிறான். கப்பலின் பெயரும் தெரியும். அவனுக்கு மேலதிகாரியாக இருப்பவன், சக்திகுமாரோடு அகாடமியில் ஒரே அறையில் இருந்தவன். ஒரு போன் போட்டால் போதும்.

"தெரியாதுப்பா" என்றான்.

"கேட்டுச் சொல்லேன்."

"தெரியாது. அம்மாகிட்ட குடு."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு அம்மாவின் குரல் வந்தது, கண்ணில் ஊற்றும் மருந்து எரிகிறது என்று சொல்லிக்கொண்டு.